கடைசி டேபிள் சி.ஆர்.ஓ.

உக்காருங்க மேடம். ஹெச்.ஓ.டி. இப்போதைக்கு வர மாட்டார். அவர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் நான் இந்த லேப்பை உங்ககிட்ட ஒப்படைச்சதா அர்த்தம். அதுவரைக்கும் பேசிக்கிட்டிருப்போம். ஃபேனுக்கு அடியில வாங்க, அந்தப் பக்கம் காத்தே வராது.

பிரிசில்லாதானே உங்க பேரு? நாகர்கோவில் பக்கமா? பேச்சுலயே தெரியுது. என் பேரு தங்கபுஷ்பம். இங்க எல்லாருக்கும் புஷ்பம் மேடம். இந்த பாலிடெக்னிக் ஆரம்பிச்ச புதுசுல லேப்புக்கு வந்தவ நான். அருப்புக்கோட்டையில, பொம்பளைப் புள்ளைங்க மட்டும் படிக்கிற காலேஜுல, எலக்ட்ரானிக்ஸ்ல யாரு வந்து சேருவான்னு அப்பக் கேட்டாங்க. இன்னைக்குப் பாருங்க, உக்கார ஸ்டூல் பத்தலை.

என்னை யாரும் மாத்தலை, அதை முதல்லயே சொல்லிருறேன். வெளியில கேட்டீங்கன்னா வேற மாதிரி சொல்லுவாங்க. நானாத்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன். லைப்ரரியில போயி உக்காந்துக்கறேன் சார்னு எழுதிக் குடுத்தேன். இந்த ரூம்ல என்னால இனிமே இருக்க முடியலை. ஏன்னு சொல்றேன். நீங்க புதுசா வர்றவங்க, உங்ககிட்டச் சொல்லலாம். இங்க இருக்கிறவங்ககிட்டச் சொன்னா, பாதியிலயே மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க.

நீங்க இதுவரைக்கும் கம்ப்யூட்டர் லேப்தானே? அப்ப சி.ஆர்.ஓ., அதான் இந்த ஆசிலோஸ்கோப், கைப்பழக்கம் இருக்காது. கிட்ட வாங்க. இந்தக் கடைசி டேபிள்தான். இதை முதல்ல காட்டிருறேன், இது புரிஞ்சாத்தான் நான் சொல்ல வர்றது புரியும்.

இந்தா, ஆன் பண்ணியாச்சு. கொஞ்சம் சூடாகட்டும். பச்சையா கோடு வருதா? இது இடது பக்கமிருந்து வலது பக்கம் கோடு போட்டுக்கிட்டே இருக்கும். போடும், திரும்பி வரும், மறுபடி போடும். கரண்ட் ஏறி எறங்குறதை அலையா வரைஞ்சு காட்டும். ஆனா ஒவ்வொரு தடவையும் அலையில அதே எடத்துலருந்து ஆரம்பிச்சாத்தான் படத்து மேல படம் உக்காந்து நிக்கும். இல்லைன்னா ஓடிக்கிட்டே கெடக்கும். சின்னப் புள்ளையில கயிறு தாண்டியிருப்பீங்கள்ல? ரெண்டு பேரு சுத்துவாங்க. நாம வெளிய நின்னு, கயிறு ஒரு உயரத்துக்கு வர்றதைப் பாத்துத்தான் உள்ள ஓடுவோம். அந்த உயரம் எதுன்னு சொல்றதுதான் இந்த நாப். டிரிகர் லெவல். அலை இந்த உயரத்தைத் தாண்டுறப்ப வரைய ஆரம்பி. அம்புட்டுத்தான்.

இப்பப் பாருங்க, உள்ள ஒரு அலையைக் குடுத்திருக்கேன், லெவலை ஏத்துறேன். அலையோட உச்சிக்கும் மேல. படம் ஓடுது பாத்தீங்களா? அலை அந்த உயரத்துக்கு வரவே வராது. ஆனாலும் இது, சரி எம்புட்டு நேரம்தான் காத்திருக்கிறதுன்னு தானா வரைஞ்சிருது. ஏன்னா ஆட்டோவுல இருக்கு. இந்த பட்டனை அமுக்குனா நார்மல். இந்தா, அமுக்கிட்டேன்.

போச்சா? கோடே இல்லை. நார்மல்னா பிடிவாதம் மேடம். லெவலைத் தாண்டுனா வரைவேன், தாண்டலைன்னா சும்மாதான் இருப்பேன்னு உக்காந்துக்கும். உள்ள அலை வந்துக்கிட்டேதான் இருக்கு. வெளியில பாக்குறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. மிஷின் செத்துப்போச்சுன்னு நெனைப்பாங்க.

ஹெச்.ஓ.டி. ரூம்ல டிஜிட்டல் ஒண்ணு பூட்டி வச்சிருக்கார். அதுல சிங்கிள்னு மூணாவதா ஒண்ணு உண்டு. ஒரே தடவை வரையும், அதோட நின்னுரும். அடுத்தது வேணும்னா நாமதான் மறுபடி அமுக்கணும். அது நம்ம புள்ளைங்களுக்கு வேண்டாம். இந்த ரெண்டுக்கே முழிக்குதுங்க.

அப்புறம் ஒரு வழக்கம் இருக்கு, அதையும் சொல்லிருறேன், இனிமே நீங்கதானே செய்யணும். பிராக்டிகல் அன்னைக்குக் காலையில, புள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி, எல்லா டேபிளையும் கலைச்சு வைக்கணும். கலைக்கிறதுன்னே சொல்லுவோம். யாரோ செட் பண்ணி வச்ச சி.ஆர்.ஓ.வுல வந்து உக்காந்து அலையைப் பாத்துட்டுப் போறது பரீட்சையா? அதனால கோட்டைக் கண்ணுக்குத் தெரியாம மேல தள்ளி வைப்போம், வெளிச்சத்தைக் கொறைச்சு வைப்போம். படிச்ச புள்ளைங்க வந்த உடனே கொண்டு வந்துருவாங்க. எந்த ரூல்ஸ்லயும் எழுதலை. ஆனா எல்லாக் காலேஜுலயும் உண்டு. நான் புதுசா கண்டுபிடிக்கலை.

கார்த்தீஸ்வரின்னு ஒரு புள்ள. அச்சாபீஸ்ல பேப்பர் வெட்டுறவர் மகள். வந்த புதுசுல வாயே தொறக்காது. கை மட்டும் பேசும். கம்பியை மடக்கி போர்டுல குத்துறதைப் பாக்கணுமே, மல்லிகைப்பூ கட்டுற மாதிரி, அம்புட்டு வேகம், அம்புட்டு சுத்தம். எனக்குப் புள்ளைகுட்டி கிடையாது மேடம். அதை யாருகிட்டயும் சொல்லி அழுதவ இல்லை நான். ஆனா அந்தப் புள்ள லேப்புக்குள்ள வந்தா எனக்கு மனசு நெறைஞ்சிரும். என் டிபன்ல பாதி அதுக்குத்தான். வேண்டாம் மேடம்னு சொல்லும், சாப்பிட்டு முடிச்சுட்டு டப்பாவைக் கழுவிக் கொண்டாந்து வைக்கும்.

பாரபட்சம் பாக்குறேன்னு சொன்னாங்க. சொல்லட்டும். கெட்டிக்காரப் புள்ளையை கெட்டிக்காரப் புள்ளைன்னுதானே சொல்ல முடியும்?

சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் அதை மட்டும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுப்பேன். ஒவ்வொரு சர்க்யூட்டா போடும். அதுக்கு நேரம் வீணாகக் கூடாதுன்னு சி.ஆர்.ஓ.வை நானே செட் பண்ணிக் குடுத்துருவேன். படம் கல்லு மாதிரி நிக்கும். 'இந்த லெவல் நாப்பை மட்டும் தொட்டுராத தாயி, நான் வச்சிருக்கேன், கலைஞ்சு போயிரும்'னு சொல்லுவேன். தொடாது. சொன்னா சொன்னதுதான். அப்பேர்ப்பட்ட புள்ள.

கடைசி வருஷத்துல ஓசூர் பக்கத்துக் கம்பெனி ஒண்ணு ஆளெடுக்க வந்துச்சு. கார்த்தி எடுபட்டுருச்சு. ஆனா ஒரு கண்டிஷன். எல்லாப் பேப்பரும், பிராக்டிகலும் சேத்து, அந்தத் தடவையே பாஸாகணும். ஒரு அரியர் இருந்தாலும் வேலை கிடையாது. வீட்டுல வேற ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு. தாய்மாமன் ஒருத்தன், பந்தல்குடியில உரக்கடை வச்சிருக்கான், இதைக் கட்டிக் குடுன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான். வயசு வித்தியாசம் கூட. இதுக்கு இஷ்டமில்லை. என்கிட்டத்தான் சொல்லுச்சு, வேற யாருகிட்டயும் சொல்லலை.

நான் வீட்டுக்கே போனேன் மேடம். போயி அந்த அப்பாகிட்டப் பேசுனேன். 'வேலை கெடைச்ச புள்ளையைப் புடிச்சு உரக்கடையில உக்கார வைக்காதீங்கண்ணே'ன்னு சொன்னேன். அவரு நல்ல மனுஷன். 'சரி டீச்சர், பாஸாகி வேலைக்குப் போயிருச்சுன்னா நான் குறுக்க நிக்கலை. இல்லைன்னா ஆவணியில தேதி வச்சுருவேன், மச்சினனுக்கு நான் பதில் சொல்லியாகணும்'னாரு. அந்தம்மா எனக்குச் சாப்பாடு போட்டாங்க. கார்த்தி கதவோரமா நின்னுக்கிட்டிருந்துச்சு. நான் கெளம்புறப்ப வாசல் வரைக்கும் வந்து, 'நான் போயிருவேன்ல மேடம்?'னு கேட்டுச்சு. 'போயிருவ தாயி'ன்னேன். அந்த மூஞ்சி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

பிராக்டிகலுக்கு வெளியிலருந்து ஒரு எக்ஸாமினர் வருவார். பெரிய காலேஜ் ஆளு. மோசமானவர்னு சொல்ல மாட்டேன். ஆனா வர்றப்பல்லாம் ஒரு பேச்சுப் பேசிட்டுப் போவார். 'உங்க புள்ளைங்க சர்க்யூட்டை மனப்பாடம் பண்ணிருதுங்க மேடம், சி.ஆர்.ஓ.வைத்தான் தொடத் தெரியலை'ம்பார். எனக்குச் சுருக்குன்னு இருக்கும். இத்தனை வருஷம் இந்த லேப்பைக் கட்டிக் காத்தவளைப் பாத்து அப்படிச் சொல்லலாமா? இந்தத் தடவை வரட்டும், என் புள்ள ஒண்ணு இருக்கு, காட்டுறேன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அன்னைக்குக் காலையில வந்து கலைச்சேன். மத்த டேபிளுக்கெல்லாம் வழக்கம் போலத்தான், கோட்டைத் தள்ளி வச்சேன், வெளிச்சத்தைக் கொறைச்சேன். இந்தக் கடைசி டேபிளைக் கார்த்திக்குன்னு ஒதுக்கியிருந்தேன், எக்ஸாமினர் நாற்காலிக்கு நேரா இருக்கும். இதுல மட்டும் நார்மல்ல போட்டேன். லெவலை முழுக்க ஏத்தி வச்சேன். இப்ப உங்களுக்குக் காட்டுனேன்ல, அதே மாதிரி. அவர் பாக்கணும். எல்லாரும் கோட்டைத் தேடிக்கிட்டிருக்கிறப்ப, என் புள்ள இருட்டுலருந்து படத்தைக் கொண்டு வரணும். 'என்னம்மா பண்ணுன?'ன்னு அவர் எழுந்திரிச்சு வந்து கேக்கணும். அது சொல்லணும். அம்புட்டுத்தான் ஆசை. பெத்தவளுக்கு இருக்காதா, தன் புள்ளையை நாலு பேரு மெச்சணும்னு?

யாருக்கு எந்த சர்க்யூட்னு சீட்டு எடுத்தாங்க. கார்த்திக்கு ஆசிலேட்டர் வந்துச்சு, தானா அலையை உண்டாக்குறது. இது ஒரு கிறுக்குப் புடிச்ச சர்க்யூட் மேடம். எல்லாம் சரியா இருந்தாலும் சில நேரம் அலை வராது, ஒரு ரெசிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பாக்கணும். புள்ளைங்க எல்லாம் சாமி கும்பிட்டுத்தான் சீட்டையே எடுக்கும், இது வந்துரக் கூடாதுன்னு. சீட்டுல அது வந்ததுக்கு நானா பொறுப்பு?

சர்க்யூட்டைப் போட்டுச்சு. நான் அந்தப் பக்கமா போறப்ப ஒரு பார்வை பாத்தேன். எல்லாம் சரி. ஒரு கம்பி தப்பில்லை. சப்ளையை ஆன் பண்ணுச்சு. சி.ஆர்.ஓ.வைப் பாத்துச்சு. இருட்டு.

வெளிச்சத்தைக் கூட்டுச்சு. கோட்டை மேல தள்ளிப் பாத்துச்சு, கீழ தள்ளிப் பாத்துச்சு. வோல்ட்டைக் கொறைச்சுச்சு, கூட்டுச்சு. நான் மனசுக்குள்ள, அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். கை லெவல் நாப் வரைக்கும் போச்சு மேடம். நான் பாத்தேன். வெரல் கிட்டப் போயிருச்சு. போயிட்டு அப்படியே திரும்பிருச்சு. ஏன் திரும்புச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை. ஒரு திருப்புத் திருப்பியிருந்தா முடிஞ்சுது!

அப்புறம் அது நெனைச்சுக்கிச்சு, சர்க்யூட்தான் தப்புன்னு. அலை வரலைன்னா நேர்கோடாவது வரணும்ல? கோடே இல்லைன்னா கோளாறு சர்க்யூட்டுல இல்லை, சி.ஆர்.ஓ.வுலதான்னு தெரிய வேண்டாமா? பதட்டம். பதட்டத்துல எதுவும் தோணாது. ஒவ்வொரு கம்பியா புடுங்க ஆரம்பிச்சுருச்சு. சரியா இருந்த சர்க்யூட், மேடம். அலை உள்ள வந்துக்கிட்டிருந்த சர்க்யூட். என் கண்ணு முன்னால புடுங்குச்சு.

சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. எப்படிச் சொல்றது? எக்ஸாமினர் எதுத்தாப்புல உக்காந்திருக்கார். நான் போயி ஒரு பட்டனை அமுக்குனா, 'பாத்தீங்களா, மேடம்தான் செய்யுறாங்க'ன்னு ஆயிராதா? அப்புறம் அது பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை? அதுவா கண்டுபிடிக்கும்னு நின்னேன். அந்த நம்பிக்கையிலதான் நின்னேன்.

அது என்னைப் பாத்துச்சு. திரும்பத் திரும்பப் பாத்துச்சு. நான் தைரியமா இருன்னு தலையை ஆட்டுனேன். அப்புறம் கையைத் தூக்கி, 'மேடம், இந்த சி.ஆர்.ஓ. வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாருங்க மேடம்'னு கேட்டுச்சு. 'நல்லாத்தான் வேலை செய்யுது, நீ பாரு'ன்னேன்.

எக்ஸாமினர் எழுந்திரிச்சு வந்தார். நல்லவிதமாத்தான் கேட்டார். 'சி.ஆர்.ஓ.வுல ஏதும் பிரச்சனை இருக்கப் போகுது மேடம், வேற டேபிள் குடுங்களேன்'னார். நான் விடுவேனா? இத்தனை வருஷத்துல என் லேப்புல மிஷின் பழுதாகி ஒரு புள்ளையும் எந்திரிச்சது கிடையாது. 'ஒரு பிரச்சனையும் இல்லை சார், காலையிலதான் என் கையால செக் பண்ணி வச்சேன்'னு சொன்னேன். பொய்யா சொன்னேன்? மிஷின்ல என்ன கொறை? 'அப்ப சர்க்யூட்தான்'னு சொல்லிட்டு அவர் போயி உக்காந்துட்டார்.

அந்தப் புள்ள அதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. மறுபடியும் முதல்லருந்து கம்பியைக் குத்த ஆரம்பிச்சுச்சு. அந்த வேகமெல்லாம் போச்சு. எதுல குத்துதுன்னே தெரியாம குத்துச்சு. நேரம் முடிஞ்சுபோச்சு. அவுட்புட் இல்லை. வாய்க் கேள்வி கேட்டப்பவும் வாயே தொறக்கலை. மார்க் வந்தப்ப அந்த ஒரு பிராக்டிகல்ல மட்டும் போச்சு. மத்தது எல்லாத்துலயும் நல்ல மார்க்கு.

அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதேன் மேடம். வீட்டுக்குப் போயும் அழுதேன். ஓசூர் போச்சு. ஆவணியில கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரலை. பக்கத்து டேபிள்ல பரீட்சை எழுதுன புள்ளைகூடப் போயிட்டு வந்துச்சு, எனக்கு வரலை. அந்த வீட்டுக்குப் போயி வாதாடுனவ நான். என் டிபனைச் சாப்பிட்டு வளந்த புள்ள அது. புதுபஸ்ஸ்டாண்டு பக்கத்துல ஒரு நா எதுக்க வந்துச்சு, அம்மாகூட. 'கார்த்தி'ன்னு கூப்பிட்டேன். 'நல்லா இருக்கீங்களா மேடம்'னுச்சு. நிக்காமலே சொல்லிட்டுப் போயிருச்சு. அப்பவும் நான் தப்பா நெனைக்கலை. தோத்துட்டோம்னு கூச்சம், அதான்னு நெனைச்சுக்கிட்டேன்.

அப்புறம் அரியர் பிராக்டிகல் வந்துச்சு. மழைக்காலம். லிஸ்ட்டுல அது பேரைப் பாத்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கலை. வேலை போனா என்ன, டிப்ளமாவாவது கைக்கு வரட்டும். அன்னைக்குக் காலையிலயே வந்து மத்த டேபிளை எல்லாம் கலைச்சேன். கடைசி டேபிளை மட்டும் கலைக்கலை. ஆட்டோவுல போட்டு, கோட்டை நடுவுல நிறுத்தி, நூல் மாதிரி மெலிசாக்கி, வந்த உடனே படம் நிக்கிற மாதிரி வச்சேன். இப்படி நான் யாருக்கும் செஞ்சதில்லை. வழக்கத்தையே உடைச்சேன், அது ஒண்ணுக்காக.

வந்துச்சு. கழுத்துல தாலிக்கயிறு மஞ்சள்கூட மாறலை. மெலிஞ்சு போயிருந்துச்சு. 'உக்காரு தாயி, எல்லாம் ரெடியா இருக்கு'ன்னேன். அது சி.ஆர்.ஓ.வைப் பாத்துச்சு. பக்கத்து டேபிளைப் பாத்துச்சு, அங்க அந்தப் புள்ள கோட்டைத் தேடிக்கிட்டிருக்கு. திரும்பவும் இதைப் பாத்துச்சு.

'இது மட்டும் ஏன் மேடம் இப்படி இருக்கு?'

'உனக்குன்னு நானே வச்சேன்.'

'டேபிள் டேபிளா நீங்களே கையால வைப்பீங்களா மேடம்?'

'ஆமா, வேற யாரு வைப்பா?'

அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டுச்சு, 'அன்னைக்கும் நீங்கதான் வச்சீங்களா?'

எனக்கு அப்படியே பொங்கிருச்சு மேடம். இத்தனை நாள் கழிச்சு அதுவே வாயைத் தொறந்து கேக்குதேன்னு. 'ஆமா தாயி, அன்னைக்கும் நான்தான். மத்த யாருக்கும் அப்படி வைக்கலை, உனக்கு மட்டும்தான் நார்மல்ல போட்டு லெவலை ஏத்தி வச்சேன். உன்னால முடியும்னு எனக்குத் தெரியும், அதான், உனக்காகத்தான்'னு சொன்னேன். கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன்.

அது கையை மெதுவா எடுத்துக்கிச்சு. கோவமா எல்லாம் இல்லை. எடுத்து, அந்த பட்டனை அமுக்குச்சு. நார்மல். லெவலை முழுக்க ஏத்துச்சு. ஸ்கிரீன் இருட்டாச்சு. என்னைப் பாத்துக்கிட்டேதான் பண்ணுச்சு. அப்புறம் குனிஞ்சு சர்க்யூட்டைப் போட ஆரம்பிச்சுருச்சு. அந்தத் தடவை சீட்டுல வேற சர்க்யூட்தான் வந்துச்சு. எல்லாத்தையும் போட்டு முடிச்சு, சப்ளையை ஆன் பண்ணி, அந்த இருட்டைப் பாத்துக்கிட்டே லெவலைக் கொஞ்சம் கொஞ்சமா எறக்குச்சு. ஒரு எடத்துல அலை வந்து நின்னுச்சு. ஆடலை, அசையலை.

அந்த எக்ஸாமினரேதான் அன்னைக்கும். எழுந்திரிச்சு வந்தார். 'வெரிகுட்மா, நார்மல்ல வச்சுப் புடிச்சிருக்கியே, யாரு சொல்லிக் குடுத்தா?'ன்னார். நான் பக்கத்துலதான் நிக்கிறேன். இது என்ன சொல்லணும்? 'யாரும் சொல்லிக் குடுக்கலை சார்'னுச்சு.

அதுவும் உண்மைதான். நான் சொல்லிக் குடுக்கலை. எங்க கத்துக்கிச்சுன்னு தெரியலை. உரக்கடையிலயா சி.ஆர்.ஓ. இருக்கும்? செல்போன்ல பாத்திருக்கலாம். புருஷன் வீட்டுல எல்லாரும் தூங்குனப்புறம் உக்காந்து பாத்திருக்கும். ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு மேடம். இம்புட்டுத் தெரிஞ்ச புள்ள, ஏன் அன்னைக்குச் செய்யலை? ஏப்ரல்ல அந்த நாப்பைத் திருப்பியிருந்தா இன்னைக்கு ஓசூர்ல இருக்கும். கையில சம்பளம், ஹாஸ்டல், சிநேகிதிங்க. நான் லீவு போட்டுட்டுப் போயி பாத்துட்டு வந்திருப்பேன். எதுவுமே இல்லாமப் போச்சே. அதுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிருச்சு. என்கிட்டச் சொல்லிக்கலை. கீழ அந்த மாமன் பைக்கோட நின்னுக்கிட்டிருந்தான். நான் இந்த ஜன்னல்ல நின்னு பாத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறி உக்காந்துச்சு. மழை தூறிக்கிட்டிருந்துச்சு. 'கார்த்தி'ன்னு கூப்பிட்டேன். கேக்காமல்லாம் இருக்காது, ரெண்டாவது மாடிதானே.

அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் இந்த டேபிள் பக்கம் வர்றேன். சாயங்காலம் யாரையும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கறதும் இல்லை. அதான் லைப்ரரிக்கே போறேன்னுட்டேன். அங்க எதையும் கலைச்சு வைக்க வேண்டியது இல்லை, அடுக்கி வச்சாப் போதும்.

ஆனா மனசு ஆறலை. ராத்திரி பகலா அந்தப் பேச்சைத்தான் திருப்பித் திருப்பி நெனைச்சுப் பாக்கிறேன். நான் ஒண்ணும் வையலை. கோவிக்கலை. 'உனக்காகத்தான் வச்சேன்'னு சொன்னேன், அம்புட்டுத்தான். அந்த வார்த்தை வரைக்கும் அது என் புள்ளையா இருந்துச்சு. அதைச் சொன்னப்புறம்தான் கையை எடுத்துக்கிச்சு. பாசத்தைச் சொன்னா அப்படியா மூஞ்சி மாறும்? நீங்க சொல்லுங்க மேடம். நீங்களும் என்னத்துக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க?